பிரிட்டிஷ் வணிகப் பாய்க்கப்பல் ஒன்றின் உழைப்பு வாழ்க்கையை ஆவணங்களில் தேடுவது எப்படி

பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரிட்டிஷ் வணிகப் பாய்க்கப்பல் ஒன்று எந்தெந்தத் துறைமுகங்களுக்குச் சென்றது, என்ன சரக்கு ஏற்றியது, அதில் யார் வேலை செய்தார்கள், அவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது, கடைசியில் அது என்னவாயிற்று என்பதையெல்லாம் இன்று வீட்டிலிருந்தபடியே பெருமளவு கண்டறிந்துவிடலாம். வரி, உரிமை, காப்பீடு, கூலித் தகராறு ஆகிய நான்கு காரணங்களுக்காகவும் அந்த நாட்டில் கப்பல்களைப் பற்றி இடைவிடாமல் எழுதி வைத்தார்கள். எழுதியதில் கணிசமான பகுதி அழியாமல் இருக்கிறது. ஆனால் அது ஒரே இடத்தில் இல்லை. எதை முதலில் தேடுவது, எதை எதனோடு ஒப்பிடுவது என்ற ஒழுங்கு இல்லாமல் இறங்கினால், வேறொரு கப்பலின் கதையை மாதக்கணக்கில் திரட்டிக்கொண்டிருக்க நேரும். இக்கட்டுரையில் எல்லோரும் அறிந்த கட்டி சார்க் என்ற தேயிலைக் கப்பலை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். எனினும் யாரும் கேள்விப்படாத ஒரு நிலக்கரிக் கப்பலுக்கும் இதே வழி பொருந்தும். சொல்லப்போனால் அத்தகைய கப்பல்களைத் தேடுவதில்தான் புதிதாக எதையேனும் கண்டறியும் வாய்ப்பு அதிகம்.

தேடலின் தொடக்கம் கப்பலின் பெயராக இருக்கக் கூடாது. ‘மேரி’, ‘ஆன்’, ‘எலிசபெத்’ போன்ற பெயர்களை ஒரே ஆண்டில் எத்தனையோ கப்பல்கள் தாங்கியிருந்தன. உரிமையாளர் மாறும்போது சில கப்பல்களின் பெயரும் மாறியது. 1869 நவம்பர் 22 அன்று ஸ்காட்லாந்தின் டம்பார்டனில் நீரில் இறக்கப்பட்ட கட்டி சார்க், 1895இல் போர்த்துக்கீசியரிடம் விற்கப்பட்டபின் ‘ஃபெரேரா’ என்றும், 1922இல் சிறிது காலம் ‘மரியா டோ அம்பாரோ’ என்றும் வழங்கியது. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே 1854ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் அதிகாரபூர்வ எண்ணைத் தரும் முறையைக் கொண்டுவந்தது. பெயரும் உரிமையாளரும் பதிவுத் துறைமுகமும் மாறினாலும், பிரிட்டிஷ் பதிவில் இருக்கும்வரை அந்த எண் மாறாது; அதைக் கப்பலின் முதன்மை உத்தரத்திலேயே செதுக்கவும் வேண்டியிருந்தது. கட்டி சார்க்கின் எண் 63557. உங்கள் கப்பலின் எண்ணைக் கண்டுபிடித்து, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்ட பிறகே மற்ற எதையும் தொடுங்கள்.

எண்ணைக் கண்டுபிடிப்பதற்கு எளிய வழி, ‘கிளிப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டிஷ் மாலுமிப் பட்டியல் திட்டத்தின் இணையதளம். கப்பல்களுக்கு எண்களை வரிசையாக ஒதுக்கிய ஏடுகளின் படங்களும், அரசு ஆண்டுதோறும் வெளியிட்ட மெர்கன்டைல் நேவி லிஸ்ட் என்ற கப்பல் பட்டியலின் பக்கங்களும் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெயரை இட்டால் பல எண்கள் வரும். கட்டிய ஆண்டு, பதிவுத் துறைமுகம், டன் கணக்கு ஆகிய மூன்றையும் வைத்து வடிகட்டுங்கள். மூன்றில் இரண்டு பொருந்தி மூன்றாவது முரண்பட்டால், அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிடாமல் ஐயத்தோடு வைத்துக்கொள்வது நல்லது. 1855க்கு முன்பே உடைந்தோ மூழ்கியோ போன கப்பலுக்கு இந்த எண் இராது. 1786ஆம் ஆண்டுச் சட்டப்படி, மேல்தளம் கொண்டதும் 15 டன்னுக்கு மேற்பட்டதுமான பிரிட்டிஷ் கப்பல்கள் தத்தம் துறைமுகத்தில் பதிவு செய்யப்பட்டன. ஆகவே பழைய கப்பலைத் துறைமுகம், ஆண்டு, அந்த ஆண்டின் பதிவு வரிசை எண் ஆகியவற்றைச் சேர்த்தே அடையாளம் காண வேண்டும்.

டன் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே கப்பலுக்கு ஓர் ஏட்டில் 340 என்றும் மற்றோர் ஏட்டில் 310 என்றும் இருந்தால், அவை இரண்டு கப்பல்கள் என்று அவசரப்பட்டு எண்ண வேண்டாம். 1830களில் அளவுமுறை ஒருமுறை மாறியது. 1854ஆம் ஆண்டுச் சட்டம் 100 கன அடி உள்ளிடத்தை ஒரு டன் என்று கணக்கிடும் புதிய முறையைப் புகுத்தியது. மொத்த டன், சரக்குக்குப் பயன்படும் இடத்தை மட்டும் கணக்கிடும் நிகர டன் என்ற வேறுபாடும் உண்டு. கட்டி சார்க்கின் மொத்த அளவு 963, நிகர அளவு 921. இவையெல்லாம் கப்பலின் எடையையோ சரக்கின் எடையையோ குறிப்பன அல்ல. இடத்தின் அளவைக் குறிப்பன. நீளமும் அகலமும் ஆழமும் இவ்வளவு எளிதில் மாறுவதில்லை என்பதால், சரிபார்ப்பதற்கு அவற்றையே நான் நம்புவேன். கட்டி சார்க் 212.5 அடி நீளமும் 36 அடி அகலமும் 21 அடி ஆழமும் உடையது.

அடுத்ததாக, உரிமையையும் உடல்நிலையையும் காட்டும் ஏடுகளுக்குச் செல்லலாம். லண்டனை அடுத்த கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் வணிக வாரியம் என்ற அரசுத் துறையின் பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றில் 107ஆம் வரிசை 1786 முதல் 1854 வரையிலும், 108ஆம் வரிசை 1855 முதல் 1889 வரையிலும் அமைந்த பதிவுகளின் படிகள். உரிமை கைமாறிய விவரங்கள் 109ஆம் வரிசையிலும், பதிவு மூடப்பட்ட கப்பல்களின் பிற்காலத் தாள்கள் 110ஆம் வரிசையிலும் உள்ளன. கப்பலின் உரிமை 64 பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததால், ஒரு கப்பல் பெருவணிகர் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருந்ததா, அல்லது ஊர் மளிகைக்காரரும் கயிறு திரிப்பவரும் கைம்பெண் ஒருவரும் கேப்டனுமாகச் சேர்ந்து பங்கு வைத்திருந்தார்களா என்பது இங்கேதான் தெரியும். பங்குதாரர்களுள் கேப்டனும் ஒருவர் என்றால், பயணங்களை அவர் எப்படி நடத்தினார் என்பதை அந்த நோக்கிலும் பார்க்க வேண்டும்.

லாயிட்ஸ் ரெஜிஸ்டர் இதிலிருந்து வேறுபட்டது. அது அரசு ஏடு அன்று. கப்பலுக்கும் சரக்குக்கும் காப்பீடு செய்கிறவர்கள் நம்பத்தக்க கப்பல் எது என்று அறிவதற்காக உருவானது. இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழைய பதிப்பு 1764ஆம் ஆண்டினது. பெரும்பாலான பதிப்புகளை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். அதில் காணும் ‘ஏ 1’ என்ற தரக்குறியில் எழுத்து கப்பல் உடலின் நிலையையும், எண் நங்கூரம், சங்கிலி, கயிறு முதலிய சாதனங்களின் நிலையையும் குறிக்கும். கப்பலின் அடிப்பகுதிக்குச் செம்பும் துத்தநாகமும் கலந்த மஞ்சள் உலோகத் தகடு எந்த ஆண்டில் அடிக்கப்பட்டது, எப்போது பழுதுபார்க்கப்பட்டது என்பனவும் சுருக்கெழுத்துகளில் இருக்கும். பதிப்பின் முன்பக்கங்களில் உள்ள விளக்கப் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரு கப்பல் ஆண்டாண்டாக எப்படித் தரம் இறங்கிற்று என்பதை வரிசையாகப் பார்த்துச் செல்வதே அதன் முதுமையை அறியும் வழி: தொடக்கத்தில் தேயிலையோ பட்டோ ஏற்றிய கப்பல், தரம் குறைந்தபின் நனைந்தாலும் கெடாத மரத்துக்கும் நிலக்கரிக்கும் ஒதுக்கப்படும். இந்த ஏட்டில் இரண்டு விஷயங்களை நம்பக் கூடாது. கேப்டனின் பெயர் பெரும்பாலும் ஓராண்டோ அதற்கு மேலோ பின்தங்கியிருக்கும். பழைய பதிப்புகளில் ‘லண்டன்–மெட்ராஸ்’ என்பதுபோல் குறித்திருக்கும் பயணம் திட்டமிட்ட பயணமே தவிர, நடந்ததற்குச் சான்று அன்று. தரம் வாங்க விரும்பாத உரிமையாளர்களும் இருந்ததால், கப்பல் இந்த ஏட்டில் இல்லை என்பதற்காக அது கடலிலும் இல்லை என்று கொள்ள வேண்டாம்.

இனி வருவதே, என் கணிப்பில், எல்லாவற்றிலும் முதன்மையானது. கப்பல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வேகத்தைப் பற்றியும் பந்தயங்களைப் பற்றியும் எழுதிய அளவுக்கு, அவற்றில் பாய் கட்டிய மனிதர்களைப் பற்றி எழுதவில்லை. அந்த மனிதர்கள் இருப்பது மாலுமி ஒப்பந்தங்களில். பயணம் தொடங்கும் முன் ஒவ்வொரு மாலுமியும் கேப்டனோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பயணம் முடிந்ததும் அந்தத் தாள் அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். விரித்தால் ஒரு மேசையை நிறைக்கும் அந்த நீலம் படிந்த தாளில், கப்பல் எந்தக் கடல்களுக்குச் செல்லலாம், அதிகபட்சம் எத்தனை ஆண்டுகள் வெளியே இருக்கலாம் என்பது முதலில் இருக்கும். மூன்று ஆண்டுகள் வரை என்று எழுதுவது வழக்கம். பின்னர் உணவுப் பட்டியல்: நாள்தோறும் ஒரு பவுண்டு ரொட்டி, ஒரு நாள் உப்பிட்ட மாட்டிறைச்சி, மறுநாள் உப்பிட்ட பன்றி இறைச்சி, குறிப்பிட்ட நாட்களில் மாவும் பட்டாணியும், சிறிதளவு தேயிலை, காப்பி, சர்க்கரை, மூன்று குவார்ட் தண்ணீர். சாராயம் கிடையாது என்று பல தாள்களில் பளிச்சென்று எழுதியிருக்கும்.

அதற்குக் கீழே ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. கையொப்பம் அல்லது எழுதத் தெரியாதவர் இட்ட கீறல், வயது, பிறந்த ஊர், இதற்கு முன் வேலை செய்த கப்பல், சேர்ந்த நாளும் இடமும், வேலை, மாதக் கூலி, முன்பணம், வீட்டுக்கு அனுப்பச் சொன்ன தொகை, கடைசியாக எந்த நாளில் எந்தத் துறைமுகத்தில் எக்காரணத்தால் நீங்கினார் என்பன அதில் இருக்கும். இந்த வரியைக் குறுக்காகவும் நெடுக்காகவும் படிக்கப் பழக வேண்டும். குறுக்கே படித்தால் ஒரு மனிதனின் வாழ்க்கையில் ஒரு துண்டு கிடைக்கும். ‘முந்தைய கப்பல்’ என்ற கட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவரைப் பின்னோக்கித் தொடரலாம். நெடுக்கே படித்தால் கப்பலின் வேலைப் பிரிவினை தெரியும்: கேப்டனுக்குக் கீழ் முதல் மேட், இரண்டாம் மேட் என்னும் துணை அதிகாரிகள், மாலுமிகளின் மேற்பார்வையாளரான போசன், தச்சர், பாய் தைப்பவர், சமையற்காரர், உக்கிராணப் பொறுப்பாளர், பிறகு தேர்ந்த மாலுமிகள், சாதாரண மாலுமிகள், பையன்கள். தச்சரும் பாய் தைப்பவரும் பொதுவாகத் தேர்ந்த மாலுமியைவிடக் கூடுதலாகக் கூலி பெற்றதைப் பார்ப்பீர்கள். இவர்களும் சமையற்காரரும் பொதுவாக இரவுக் காவல் முறையில் சேராமல் பகல் முழுவதும் வேலை செய்தவர்கள். மற்றவர்கள் இரு அணிகளாகப் பிரிந்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி நின்றார்கள். மாலை நான்கு முதல் எட்டு வரையிலான நேரத்தை மட்டும் இரண்டாகப் பிளந்து, ஒரே அணி நாள்தோறும் நள்ளிரவுக் காவலில் சிக்காதபடி பார்த்துக்கொண்டார்கள்.

நீங்கிய காரணம் எழுதிய கட்டமே கப்பலின் உண்மையான நடப்பைச் சொல்லும். வெளியூர்த் துறைமுகம் ஒன்றில் ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பேர் ஓடிப்போனதாகப் பதிவாகியிருந்தால், உணவோ கேப்டனின் குணமோ கரையில் கிடைத்த கூலியோ, ஏதோ ஒன்று அவர்களைத் தள்ளியிருக்கிறது. ஆஸ்திரேலியத் துறைமுகங்களிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் கரையில் கூலி அதிகமாக இருந்ததால், அங்கே ஓடுவது வழக்கமாகவே இருந்தது. ஓடியவர் அதுவரை சேர்ந்த கூலியை இழந்தார் என்பதால், அதைத் தடுப்பதில் எல்லாக் கேப்டன்களும் ஆர்வம் காட்டினார்கள் என்று சொல்ல முடியாது. தாளின் பின்புறத்தில் துறைமுக அதிகாரிகளும் தூதரக அலுவலர்களும் இட்ட முத்திரைகளைத் தவறவிடாதீர்கள். கப்பல் எந்த நாளில் எந்த ஊரில் இருந்தது என்பதற்கு அவையே உறுதியான சான்று. வயதையும் பெயரையும் மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். முன்பு ஒரு கப்பலிலிருந்து ஓடியவர் வேறு பெயரில் சேர்வது அரிதன்று.

இங்கே நம் வாசகர்களுள் சிலருக்கு ஒரு குறிப்பு. சென்னையிலிருந்து மொரீசியசுக்கோ நேட்டாலுக்கோ தோட்ட வேலைக்குச் சென்ற முன்னோரின் பெயரை மாலுமி ஒப்பந்தத்தில் தேடினால் கிடைக்காது, அவர்கள் பயணிகள். அவர்களுடைய பட்டியல்கள் சென்று சேர்ந்த நாட்டில் உள்ளன: மொரீசியசில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும், நேட்டாலுக்குரியவை தென்னாப்பிரிக்காவின் டர்பன் காப்பகத்திலும் பார்க்கலாம். கப்பலின் பெயர் அங்கே கிடைத்துவிட்டால், அந்தக் கப்பலை அறிவதற்கு மேலே சொன்ன வழியில் திரும்பி வரலாம்.

இந்த ஒப்பந்தங்கள் சிதறிக் கிடப்பது தேடுகிறவருக்குப் பெருந்தொல்லை. 1861 முதலானவற்றில் பத்தில் ஒரு பங்கை மாதிரியாக எடுத்து, வணிக வாரியத்தின் 99ஆம் வரிசையில் கியூ காப்பகம் வைத்திருக்கிறது. புகழ்பெற்ற சில கப்பல்களின் தாள்கள் 100ஆம் வரிசையில் தனியாக உள்ளன. 1861, 1862 ஆகிய ஆண்டுகளுக்கும் 1865, 1875, 1885 என ஐந்தில் முடியும் ஆண்டுகளுக்கும் உரிய மீதித் தாள்கள் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எஞ்சியவற்றில் சிலவற்றைப் பிரிட்டனின் மாவட்டக் காப்பகங்கள் எடுத்துக்கொண்டன. 1863 முதல் 1938 வரையிலான மிகப் பெரும் பகுதி, ஏறத்தாழ எழுபது விழுக்காடு, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் செயின்ட் ஜான்ஸ் நகரிலுள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வரலாற்றுக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் காப்பகத்தின் இணையதளத்தில் அதிகாரபூர்வ எண்ணை இட்டால், எந்தெந்த ஆண்டின் தாள்கள் அங்கே இருக்கின்றன என்று காட்டும். கட்டணம் செலுத்திப் படி வாங்கலாம். வெளிநாட்டுப் பயணத்தின் தாள், பயணம் முடிந்த ஆண்டில் அடுக்கப்பட்டிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். 1873இல் புறப்பட்டு 1875இல் திரும்பிய கப்பலின் தாளை 1875இல்தான் கேட்க வேண்டும்.

கப்பலின் அதிகாரபூர்வ நாட்குறிப்பு சில வேளைகளில் ஒப்பந்தத்தோடு சேர்ந்தே வரும். பிறப்பு, இறப்பு, நோய், ஒழுங்கீனம், அபராதம் ஆகியவற்றை அதில் எழுதுவது கட்டாயம். காற்றும் திசையும் எழுதும் கடல் நாட்குறிப்பு வேறு. அதிகாரபூர்வ நாட்குறிப்புகளுள் பலவற்றை அரசே பின்னாளில் அழித்துவிட்டதால், கிடைத்தால் நற்பேறு என்று கொள்ளுங்கள். கிடைக்காதபோது நீதிமன்ற ஆவணங்களை நாடலாம். 1880இல் கட்டி சார்க்கில் முதல் மேட் ஒரு மாலுமியை அடித்துக் கொன்றார். கேப்டன் அவரைத் தப்பவிட்டார். மாலுமிகள் வேலை செய்ய மறுத்தனர். பின்னர் கேப்டன் கடலில் குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார். தப்பிய மேட் பிடிபட்டு 1882இல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் கொலைக்கு நிகரல்லாத மரணம் விளைவித்ததற்காக ஏழாண்டுத் தண்டனை பெற்றார். அந்த நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையிலான விசாரணைப் பதிப்புகளை இணையத்தில் தேடலாம். மாலுமிகள் சாட்சி சொல்லும் பக்கங்களில், வேறு எந்த ஏட்டிலும் இல்லாத அளவுக்கு அவர்களுடைய பேச்சும் அன்றாட வேலையும் வெளிப்படுகின்றன.

இதுவரை திரட்டியது பயணத்தின் தொடக்கமும் முடிவும். நடுவில் உள்ளதை நாளிதழ்கள் நிரப்பும். லாயிட்ஸ் லிஸ்ட் என்ற இதழ் 1734 முதல் கப்பல்களின் வருகையையும் புறப்பாட்டையும் விபத்தையும் வெளியிட்டது. ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’, நியூசிலாந்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ ஆகிய இரண்டும் கட்டணமற்றவை. அங்கே உள்ள கப்பல் பத்திகள் சரக்குப் பட்டியலையும் கேப்டன் சொன்ன பயண விவரத்தையும் விரிவாகத் தரும். நடுக்கடலில் எதிர்ப்பட்ட கப்பல்கள் கொடிகளால் பேசிக்கொண்டதும் இன்ன இடத்தில் இன்ன கப்பலைக் கண்டோம் என்று செய்தியாகும். உங்கள் கப்பலுக்குரிய நான்கெழுத்துக் கொடிக்குறியையும் மெர்கன்டைல் நேவி லிஸ்டிலிருந்து எழுதி வையுங்கள். கட்டி சார்க்குக்கு அது ஜே-கே-டபிள்யூ-எஸ். சீனத்திலிருந்து வந்த கப்பல்கள் சுந்தா நீரிணையில் ஆஞ்சர் என்ற ஊரைக் கடந்ததைப் பத்திகளில் அடிக்கடி காணலாம். 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது அந்த ஊரே அழிந்துபோனதால், அதற்குப் பின் அந்தப் பெயரில் செய்தி குறைந்தால் கப்பல் வழி மாறிற்று என்று எண்ணிவிடக் கூடாது. பயண நாள் கணக்கிலும் எச்சரிக்கை தேவை: நங்கூரம் எடுத்ததிலிருந்து துறைமுகம் சேரும்வரை எண்ணுகிறவரும், கரை மறைந்ததிலிருந்து கரை தெரியும்வரை எண்ணுகிறவரும் ஒரே பயணத்துக்கு வெவ்வேறு எண்களைத் தருவார்கள்.

இவற்றை ஒன்றுசேர்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கட்டி சார்க்கின் 1882–83 பயணத்தைப் பார்க்கலாம். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்த பின் தேயிலைச் சரக்கை நீராவிக் கப்பல்கள் பறித்துக்கொண்டதால், தேயிலைக்கென்றே கட்டிய இந்தக் கப்பல் கிடைத்த சுமையை எல்லாம் ஏற்றித் திரிந்தது. நியூயார்க்கிலிருந்து ஜாவாவின் செமராங்குக்கு மண்ணெண்ணெய்ப் பெட்டிகளைக் கொண்டுசென்று இறக்கியது. அங்கிருந்து சென்னைக்கு வந்து வெல்லம் ஏற்றியது. பிறகு பிமிலிப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களில் கடுக்காயும் மான் கொம்பும் ஏற்றிக்கொண்டு 1883இல் லண்டன் திரும்பியது. 1881 நவம்பர்ப் புயலில் சென்னைத் துறைமுகத்தின் புதிய அலைத் தடுப்பு அணைகள் உடைந்துபோயிருந்த காலம் அது. கடுக்காய் தோல் பதனிடுவதற்கு; மான் கொம்பு கத்திப் பிடிகளுக்கு. புகழ்பெற்ற தேயிலைக் கப்பலின் வாழ்க்கையில் இப்படியும் ஒரு பருவம் இருந்தது என்பதை, பந்தயக் கதைகளை மட்டும் படிக்கிறவர் அறிய மாட்டார். உங்கள் கப்பலுக்கும் இவ்வாறே ஒரு நீண்ட அட்டவணை எழுதுங்கள்: நாள், இடம், நிகழ்வு, கேப்டன், சரக்கு, எந்த ஏட்டிலிருந்து எடுத்தது. வெற்றிடம் இருந்தால் வெற்றிடமாகவே விடுங்கள். பல மாத இடைவெளி தென்பட்டால், பழுதுபார்க்க நின்றதா, சரக்குக் கிடைக்காமல் கிடந்ததா என்று லாயிட்ஸ் ரெஜிஸ்டரின் பழுதுக் குறிப்பைத் திரும்பப் பாருங்கள்.

கப்பலின் முடிவு பதிவேட்டின் ஓரத்தில் ஒற்றை வரியில் இருக்கும்: மூழ்கியது, காணாமற்போனது, உடைக்கப்பட்டது, வெளிநாட்டாருக்கு விற்கப்பட்டது. மூழ்கியதென்றால், வணிக வாரியத்தின் கப்பற்சேத விசாரணை அறிக்கைகளைப் பாருங்கள். 1876 முதலான பலவற்றை சவுத்தாம்ப்டன் நகர நூலகம் இணையத்தில் இட்டிருக்கிறது. எல்லா விபத்துக்கும் விசாரணை நடக்கவில்லை. நடந்ததென்றால் சரக்கு அடுக்கிய முறை முதல் கடைசி மணி நேரத்தின் உத்தரவு வரை அதில் வரும். காணாமற்போனதென்றால், கடைசியாக அதைக் கண்ட கப்பலின் பெயரை லாயிட்ஸ் லிஸ்டில் தேடுவதோடு நிற்க வேண்டியிருக்கும். வெளிநாட்டாருக்கு விற்கப்பட்டதென்றால், பிரிட்டிஷ் எண் அங்கே பயனற்றுப்போகும். லாயிட்ஸ் ரெஜிஸ்டரின் அடுத்த பதிப்புகளில் புதிய பெயரின் கீழ் பழைய பெயரையும் குறித்திருப்பார்கள் என்பதால், கட்டிய ஆண்டையும் ஊரையும் அளவுகளையும் வைத்து அதைப் பிடித்துக்கொண்டு, வாங்கிய நாட்டின் காப்பகத்துக்கு எழுதுங்கள்.